கடைசற் பொறியும் புதிய சக்கும்

உலோகத்தை உருட்சியாகக் கடைந்தெடுக்கும் பொறியைப் பட்டறையார் லேத்து என்பர். நூல்கள் கடைசற் பொறி என்னும். குயவன் திகிரியிலே மண் சுழலக் கை நிற்பது போல, இப்பொறியிலே உலோகம் சுழல உளி நின்று மெல்ல நகரும். சுழலும் உலோகத்தை இறுகப் பற்றும் உறுப்பே சக்கு எனப்படும். பிடி தளரின் தொழில் செய்வோனுக்கு ஊறு; பிடி மையம் விலகின் தொழிலுக்கு ஊறு. ஆதலின் புதிய சக்கினைப் பொருத்துதல் திருகாணி முடுக்குமளவில் முடியும் கருமமன்று.

சக்குகளுள் இருவகை பெருவழக்கின. மூன்று தாடையுடையதில், உள்ளிருக்கும் சுருட்புரித் தட்டொன்று தாடைகள் மூன்றையும் ஒருங்கே நகர்த்தும். நான்கு தாடையுடையதில் ஒவ்வொரு தாடையும் தனித்தனியே நகரும். முன்னையது விரைவுக்கும் பின்னையது நுட்பத்துக்கும் ஏற்றவை.

நல்ல சக்கினை வாங்கினால் மையமும் உடன்வரும் எனப் பலர் கருதுவர். அஃது அவ்வாறன்று. மையம் என்பது பொறியின் சுழல்தண்டுக்கு உரியது. அத்தண்டுக்கும் சக்குக்கும் இடையே நிற்பது பின்தட்டு என்னும் வார்ப்பிரும்புத் தட்டு. இதன் ஒருபுறம் தண்டின் முனையிலே திருகப்படும்; மறுபுறத்திலுள்ள வட்ட மேடு சக்கின் பின்னுள்ள வட்டக் குழியிற் செறிந்து அமரும். இங்கிலாந்தின் பீஸ்டன் நகரில் மைபோர்ட் நிறுவனம் 1946இல் வெளியிட்ட எம்.எல்.7 என்னும் சிறு பொறியை எடுத்துக்கொள்வோம். அதன் தண்டின் முனை 1⅛ அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 12 புரியும் உடையது. எனினும், மையத்தைக் காப்பது அப்புரியன்று. புரியின் பின்னுள்ள வழுவழுப்பான உருளைப் பகுதியும் தோளுமே. புரி இறுக்குவதற்கு மட்டுமே உரியது.

ஆகவே, பின்தட்டின் இறுதிக் கடைசல் அது பணிபுரியவிருக்கும் தண்டின் மீதே நிகழ்தல் வேண்டும். முதலில் தண்டின் புரியையும் தட்டின் புரியையும் துடைத்துத் தூய்மை செய்க. தோளில் ஒரு சிறு இரும்புச் சீவல் இருப்பினும் தட்டு சாய்ந்து நிற்கும். தட்டினைத் தோளில் முட்டும்வரை திருகியபின், வார்ப்பின் கடுந்தோலுக்குக் கீழே உளி செல்லுமாறு முதல் வெட்டினை எடுத்தல் வேண்டும். மேற்பரப்பில் மட்டும் உராய்ந்தால் உளியின் முனை விரைவில் மழுங்கும். முகம் சிறிதும் குவிந்திருத்தலாகாது. குவிந்திருப்பின் சக்கு நடுவில் மட்டும் தங்கி ஆடும்.

அடுத்து வட்ட மேடு. இதனை ஒரே முறையில் அளவுக்குக் கடைதல் அறிவுடைமையன்று. நுண்மானித் திருகுக் கணிச்சியால் அளந்தளந்து, மேட்டின் நுனியிற் சிறிதளவை மட்டும் முதலிற் குறைத்துச் சக்கினைக் கொண்டு சோதித்தல் வேண்டும். அந்நுனி குழியில் இறுகி நுழையத் தொடங்கியதும் எஞ்சிய பகுதியை அதே அளவுக்குக் கடையலாம். சோதிக்கும்போது சக்கினைத் தட்டிடம் கொண்டு செல்க. தட்டினைக் கழற்றுதல் ஆகாது. ஒரு வெட்டு மிகுந்தால் மேடு தளர்ந்து, தட்டு பயனற்றுப் போகும். மேலும், மேட்டின் உயரம் குழியின் ஆழத்திலும் சிறிது குறைந்திருத்தல் வேண்டும். இன்றேல் மேட்டின் தலை குழியின் அடியில் முட்ட, சக்கின் விளிம்பு தட்டின் முகத்திற் படியாது.

ஆணித் துளைகள் ஆணிகளிலும் சற்றே பெரியனவாக இருக்கட்டும். துளைகள் இறுக்கமாயின், ஆணிகள் சக்கினை ஒருபுறம் இழுத்து மேட்டின் பணியைக் கெடுக்கும். துளைத்தபின் விளிம்பிலுள்ள பிசிறுகளை அகற்றி, எதிரெதிர் ஆணிகளைச் சிறிது சிறிதாக இறுக்குதல் முறை.

பொருத்திய பின், செம்மையான உருளைத் தண்டொன்றைத் தாடைகளிற் பற்றுவித்து, டயல் மானியை அதன்மேல் வைத்துக் கையாற் சுழற்றிப் பார்க்க. மானி காட்டும் முழு வேறுபாடு மைய விலகலின் இருமடங்காகும், முள் 0.003 அங்குலம் அசைந்தால் விலகல் 0.0015 அங்குலமே. மூன்று தாடைச் சக்கில் இத்துணை வேறுபாடு வியப்புக்குரியதன்று. ஆதலால் ஒரே மையம் வேண்டும் பகுதிகளையெல்லாம் ஒரே பிடியிற் கடைந்து முடித்தல் நலம். கழற்றி மீண்டும் பற்ற நேரின், நான்கு தாடைச் சக்கில் மானியின் துணையுடன் மையங் காணலாம்.

எச்சரிக்கை சில உள. கனமான சக்கினை ஏற்றும்போதும் இறக்கும்போதும் பொறியின் படுக்கைமேற் பலகை ஒன்றை இடுக. கை தவறினும் விரலும் படுக்கையும் பிழைக்கும். திருகி ஏற்றும் சக்குடைய பொறியை விரைவாக எதிர்ப்புறம் சுழற்றினால் சக்கு கழன்று வீழக்கூடும். தாடைகளை இறுக்கிய சாவியை அதிலேயே விட்டுப் பொறியை இயக்குதல் ஒருபோதும் ஆகாது. எறியப்படும் சாவி கண்ணையோ உயிரையோ கவரும்.

1800ஆம் ஆண்டையொட்டி இலண்டனில் ஹென்றி மோட்ஸ்லி அமைத்த திருகுவெட்டுப் பொறியில், உளி கையினின்று நீங்கிப் பொறியினால் வழிநடத்தப்பட்டது. அன்று முதல் செம்மை கைப்பழக்கத்தில் மட்டுமன்றிப் பொறியின் அமைப்பிலும் தங்கலாயிற்று. பொறி தன் உறுப்பைத் தானே கடைந்து செம்மையாக்கும் பின்தட்டுக் கடைசல் இவ்வுண்மைக்கு எளிய சான்றாகும். சக்கு கடையில் விலைக்குக் கிடைக்கும். அதற்குரிய மையத்தை அந்தந்தப் பொறியிலே பொறுமையாகக் கடைந்தே பெறல் வேண்டும்.