வலியோடு உடனிருந்தவள்

தமிழக ஊர்ப்புறங்களில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சிகளுள் பெரும்பாலோர் நாவிதர் குடும்பத்துப் பெண்கள். அவர்கள் நெல்லும் புடவையும் கூலியாகப் பெற்று, தாயிடமோ மாமியாரிடமோ கைப்பழக்கமாகக் கற்றதைச் செய்து வந்தனர். மற்ற நாள்களில் அவர்களைத் தீட்டென்று விலக்கிய வீடுகளே பேற்று நேரத்தில் அவர்கள் கையை நம்பியிருந்தது பெருங்கொடுமை.

வலியின் தன்மையை அறிவதே அந்தக் கல்வியின் உயிர்நாடி. உடற்சூட்டால் வருவதாகக் கருதப்பட்ட சூட்டுவலியையும் உண்மையான பேற்றுவலியையும் பிரித்தறிய மருத்துவச்சி சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பாள். அடங்கினால் சூட்டுவலி, மிகுந்தால் குழந்தை வரப்போகிறது என்று பொருள். பிறகு எண்ணெய் தடவி, இடுப்பைப் பிடித்துவிட்டு, குந்தி உட்காரச் செய்து, நஞ்சுக்கொடி விழும்வரை அவள் அகலமாட்டாள். ஆனால் தூய்மையற்ற கருவியால் தொப்புள்கொடியை அறுத்ததால் இசிவு கண்டு இறந்த சிசுக்களும், நிற்காத உதிரப்போக்கில் மாண்ட தாய்மாரும் பலர். அந்த இழப்பை மறைத்து மருத்துவச்சியைப் போற்றுவது நேர்மையாகாது.

மறுபுறம், பேற்றுக்கென மருத்துவமனைகளும் வந்தன. சென்னையில் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் வரலாறு 1844இல் தொடங்குகிறது. ஆண் மருத்துவரிடம் வரத் தயங்கிய பெண்களுக்காக மேரி ஷார்லீப் 1885இல் தொடங்கிய கோஷா ஆஸ்பத்திரி, இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக இயங்குகிறது. மயிலாப்பூரை ஒட்டிய மீனவர் குடியிருப்பான நொச்சிக்குப்பத்திலும் ஓர் ஊர்ப்புறப் பகுதியிலும் 1995இல் ஆய்வு செய்த மானிடவியலாளர் செசிலியா வான் ஹாலன், 2003இல் வெளியிட்ட நூலில் ஊன்றிக் கவனிக்கத்தக்க ஒன்றைக் காட்டுகிறார்: கருப்பைச் சுருக்கத்தைத் தூண்டும் ஆக்ஸிடோசின் மருந்தை, வலி மிகுந்தால் சக்தியும் மிகும் என்ற நம்பிக்கையோடு பெண்கள் ஏற்றுக்கொண்டனர். கஷாயத்தின் இடத்துக்கு ஊசி வந்தபோதும், வலியைப் பற்றிய பழைய அறிவு அவர்களோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்திருந்தது.

உள்ளே வராமல் போனது, உடனிருந்த கைதான். முன்பின் அறியாதவர்கள் நடுவே, உறவினர் வெளியே காத்திருக்க, தனியே வலிப்பட்ட பெண்ணின் அச்சத்தைச் சிறிதென்று எண்ண இயலாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பேறுகளில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன; அதனால் காக்கப்படும் உயிர்கள் விலைமதிப்பற்றவை. ஆயினும், பேற்றறையில் உறவுப்பெண் ஒருத்தி உடனிருக்கலாம் என்ற திட்டத்தைத் தமிழக அரசு மருத்துவமனைகள் 2004இல்தான் கொண்டுவந்தன. அந்தப் பெண் மருத்துவம் எதுவும் செய்வதில்லை; கையைப் பிடித்துக்கொள்கிறாள், முதுகைத் தடவிக்கொடுக்கிறாள், தாகத்துக்குத் தண்ணீர் தருகிறாள்.