இரண்டு கிலோ நரம்பில் எட்டுக் கிலோ மீன்

வகுப்பில் மிதப்பு விசையைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுந்தார். "சார், கனடாவில் ஒருவர் 2 கிலோ மட்டுமே தாங்கும் நரம்பில் 8 கிலோ சால்மன் மீனைப் பிடித்தார் என்று படித்தேன். நரம்பு அறுந்திருக்க வேண்டாமா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். விடையைச் சொல்லி முடித்து நான் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பியபோது, பின் வரிசையிலிருந்து இன்னொரு குரல் வந்தது. "அறாது என்பது சரி, சார். அப்படிப் பிடிப்பது நியாயமா?" இரண்டாவது கேள்விக்கு அன்று நான் சரியாக விடை சொல்லவில்லை. வட அமெரிக்க, ஐரோப்பிய ஆறுகளில் தூண்டில் போடுவோர் நெடுங்காலமாகத் தமக்குள் வாதிட்டு வரும் கேள்வி அது. இரண்டையும் இங்கே சேர்த்தே பார்ப்போம்.

நம் கடலோர மக்கள் தூண்டிலில் கட்டும் நைலான் இழையை நரம்பு என்பார்கள். அந்தச் சொல்லையே நாமும் வைத்துக்கொள்வோம். இன்னொன்று: நம் சந்தையில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கப்படும் காலா மீன் முற்றிலும் வேறு இனம். உண்மையான சால்மன் குளிர்நாட்டு மீன். அட்லாண்டிக், பசிபிக் கடல்களின் வடபகுதியில் வளர்ந்து, முட்டையிட ஆறுகளில் ஏறுவது.

முதலில் நரம்பு ஏன் அறுவதில்லை என்று பார்ப்போம். ஓர் அண்டாவில் நீர் நிரப்பி, அதில் மிதக்கும் பாத்திரமொன்றில் ஒரு செங்கல்லை வையுங்கள். பாத்திரத்தின் காதில் ஒற்றைத் தையல் நூலைக் கட்டி மெதுவாக இழுங்கள். செங்கல் பேசாமல் வந்துவிடும். வெடுக்கென்று இழுத்தால் நூல் அறும். அதே நூலால் செங்கல்லைத் தூக்க முயன்றாலோ உடனே அறும். மீனும் இப்படித்தான். அதன் உடலில் உள்ள காற்றுப்பையால் நீரில் அதன் எடை ஏறக்குறைய சுழியாகிவிடுகிறது. ஆகவே நரம்பு தாங்க வேண்டியது மீனின் எடையை அன்று. மீன் வாலடித்து இழுக்கும் விசையையும், நீரோட்டம் தள்ளும் விசையையும், திடீர்க் குலுக்கல்களையும்தான். சால்மன் நீரைவிட்டுத் துள்ளும்போது தேர்ந்த தூண்டில்காரர் கோலைச் சட்டென்று தாழ்த்துவார். காற்றில் எழுந்த கணமே மீனுக்கு எடை திரும்பி வந்துவிடுகிறது. இறுக்கமான நரம்பின்மேல் அது விழுந்தால் நரம்பு பிழைக்காது.

நரம்பின் வலு அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. விட்டம் இருமடங்கானால் வலு நான்கு மடங்காகும். சுமார் 0.2 மில்லிமீட்டர் நைலான் நரம்பு 2 கிலோ தாங்கும், 0.4 மில்லிமீட்டர் நரம்பு 8 கிலோ தாங்கும். நரம்பைச் சுற்றி வைக்கும் ரீலில் ஒரு பிரேக் உண்டு. நரம்பு அறும் வலுவில் கால்பங்கு அளவுக்கு அதை இறுக்கி வைப்பது வழக்கம். அதற்கு மேல் மீன் இழுத்தால் ரீல் சுழன்று நரம்பை விட்டுக்கொடுக்கும். அப்படியானால் மெல்லிய நரம்பில் மீனைத் தடுக்கும் விசை சுமார் 5 நியூட்டன். தடித்ததில் 20 நியூட்டன்.

இனி ஒரு சிறு கணக்கு. 8 கிலோ மீன் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 100 ஜூல். 20 நியூட்டன் விசை அதை 5 மீட்டரில் நிறுத்தும். 5 நியூட்டனுக்கு 20 மீட்டர் வேண்டும். நீரின் தடையையும், மீன் விடாமல் வாலடித்துக்கொண்டே போவதையும் இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. உண்மையில் மீன் மீண்டும் மீண்டும் பாயும். தடித்த நரம்பை வைத்திருப்பவர், மீனுக்கு இன்னும் வலு இருக்கும்போதே அதன் தலையைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவந்துவிடலாம். மெல்லிய நரம்பை வைத்திருப்பவருக்கு அந்த வழி இல்லை. மீன் முற்றிலும் களைத்து ஓயும்வரை அவர் காத்திருந்தே ஆகவேண்டும். என் மாணவரின் முதல் கேள்விக்கு உரிய விடை இதுதான்: நரம்பில் இல்லாத வலுவை மீனின் களைப்பு ஈடுசெய்கிறது.

களைப்பு என்றால் என்ன? மீனின் உடலில் பெரும்பகுதி வெள்ளைத் தசை. அவசரப் பாய்ச்சலுக்கு உரியது அது. அங்கே சேமித்து வைத்த கிளைக்கோஜனை ஆக்சிஜன் இல்லாமலே சிதைத்து ஆற்றல் பெறுகிறது. அதனால் லாக்டிக் அமிலம் சேர்கிறது. இரத்தத்தின் அமிலத்தன்மை உயர்கிறது. அதைச் சரிசெய்து கிளைக்கோஜனை மீண்டும் நிரப்பப் பல மணி நேரம் ஆகும். போட்டியில் ஓடிய நாம் மூச்சு வாங்கிவிட்டு, ஒரு வேளை நன்றாகச் சாப்பிட்டால் தேறிவிடுவோம். ஆற்றில் ஏறும் சால்மனுக்கு அந்த வசதி கிடையாது. நன்னீரில் நுழைந்ததும் அது இரை தின்பதை நிறுத்திவிடுகிறது. (பின் தூண்டிலை ஏன் கவ்வுகிறது என்று கேட்கிறீர்களா? பழைய பழக்கம் என்பார் உண்டு. எரிச்சல் என்பாரும் உண்டு.) கடலில் சேர்த்த கொழுப்பு ஒன்றே அதன் கையிருப்பு. அருவி தாண்டுவதும், பெண் மீன் வாலால் சரளைக்கல்லைத் தோண்டி முட்டையிடுவதும் அந்தக் கையிருப்பிலிருந்துதான். வருமானம் நின்றுபோனவர் சேமிப்பை எடுத்துச் செலவு செய்வதைப் போன்ற வாழ்வு அது. மெல்லிய நரம்பில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் கணக்கில் பற்று எழுதப்படுகிறது.

"மீனைக் கொல்வதில்லையே, விட்டுவிடுகிறோமே" என்பர் பலர். கனடாவின் கிழக்குக் கடலோர மாகாணங்களில் 1984 முதல் பெரிய அட்லாண்டிக் சால்மனை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். 2015 முதல் சிறியதையும் விட்டாக வேண்டும். ஆனால் விட்ட மீன் எல்லாம் பிழைக்கிறதா? சால்மனின் உறவினமான வானவில் டிரவுட் மீன்களைக் கொண்டு கனடாவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு 1992-இல் வெளிவந்தது. களைத்து ஓயும்வரை துரத்தப்பட்ட மீன்களில் 12 விழுக்காடு, 12 மணி நேரத்துக்குள் இறந்தன. களைத்தபின் 30 வினாடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 38 விழுக்காடு. ஒரு நிமிடம் வைக்கப்பட்டவற்றில் 72 விழுக்காடு. ஒரு நிமிடம் என்பது ஒரு புகைப்படத்துக்கு ஆகும் நேரம்! ஆய்வில் பயன்பட்ட மீன்கள் சிலவே. அதுவும் ஆய்வுக்கூடத்துத் தொட்டியில். குளிர்ந்த ஆற்றில், நீரைவிட்டு எடுக்காமல் கொக்கியைக் கழற்றினால் பெரும்பாலான மீன்கள் பிழைக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீர் சூடானாலோ நிலைமை மாறும். 10 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 20 பாகையில் 9 மில்லிகிராம்தான். தேவை கூடும் வேளையில் வரத்துக் குறைகிறது. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து மிராமிச்சி ஆற்றில், நீர் மிகவும் சூடாகும் நாள்களில் மீன்கள் ஒதுங்கி நிற்கும் குளிர்ந்த மடுக்களில் தூண்டில் போடவே தடை விதிக்கிறார்கள்.

மெல்லிய நரம்புக்காகப் பேசுவோரின் முதல் வாதம் 'மீனுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கிறோம்' என்பது. 1939-இல் தொடங்கிய பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம், நரம்பின் வலுவைக் கொண்டே சாதனைகளை வகை பிரிக்கிறது; 1 கிலோ நரம்புக்கும் 2 கிலோ நரம்புக்கும் தனித்தனி வரிசை உண்டு. திறமை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் போட்டியின் விதிகளை ஒருவர் மட்டுமே வகுத்து, களைப்பு முழுவதையும் மற்றவர் தலையில் வைத்தால் அதை வாய்ப்பு என்று எப்படிச் சொல்வது? நரம்பு அறுந்து மீன் 'வென்றாலும்' வாயில் கொக்கியோடும், எளிதில் மக்காத நைலான் வாலோடும்தான் போகிறது. லீ வுல்ஃப் (1905–1991) என்ற புகழ்பெற்ற அமெரிக்கரைச் சிலர் துணைக்கு அழைப்பர். அவர் மிகச் சிறிய, இலேசான கோலால் சால்மன் பிடித்துக் காட்டியவர். பிடித்த மீனை விட்டுவிடுவதை 1930-களிலேயே வலியுறுத்தியவரும் அவரே. ஆனால் இலேசான கோல் வேறு, மெல்லிய நரம்பு வேறு. மீன்மேல் செலுத்தக்கூடிய விசைக்கு எல்லை வகுப்பது நரம்புதான்.

மீனுக்கு வலிக்குமா என்ற வாதம் தனி. 2003-இல் பிரிட்டனில் லின் ஸ்னெடன் குழுவினர் வானவில் டிரவுட்டின் தலையில் ஊறு உணரும் முனைகளைக் கண்டறிந்தனர். அதை வலி என்று கொள்ள மறுப்போரும் உண்டு. சுவிட்சர்லாந்து 2008-இல் வெளியிட்ட விலங்குப் பாதுகாப்பு விதிகளில், விட்டுவிடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதையே தடை செய்துவிட்டது. என் கணக்கு அந்த விவாதத்தைச் சார்ந்ததன்று. ஆற்றல் வீணாவதே போதும்.

வட அமெரிக்கப் பேரேரிகளில் இன்னொரு வாதம் கேட்கும். மிச்சிகன் மாநிலம் 1966-இல் கோஹோ சால்மனையும் 1967-இல் சினூக் சால்மனையும் அங்கே கொண்டுவந்து விட்டது. பசிபிக் இனங்களான இவை முட்டையிட்டதும் மடிந்துவிடும். "எப்படியும் சாகப்போகும் மீன்தானே?" என்கிறார்கள். முட்டையிட்டபின் சாவதற்கும் இடுமுன் சாவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். வீட்டுச் சமையலுக்கென்று பிடிப்பவர் வலுவான நரம்பில் விரைவாக இழுத்து, உடனே அடித்துக் கொன்றுவிட்டால் அதில் எனக்கு முறையீடு இல்லை.

ஒரே ஒரு வாதத்துக்கு நான் செவி சாய்ப்பேன். தெளிந்த நீரில் தடித்த நரம்பு மீனின் கண்ணில் படுகிறது. அது தூண்டிலை அணுகுவதே இல்லை. இது ஒளிவிலகலின் வேலை. நீரின் விலகல் எண் 1.33, நைலானுக்குச் சுமார் 1.53. இடைவெளி பெரிது, ஆகவே நரம்பு பளிச்சிடுகிறது. ஃபுளுரோகார்பன் என்னும் பொருளால் ஆன நரம்புக்கு இந்த எண் சுமார் 1.42. நீருக்கு இன்னும் நெருக்கம். கொக்கிக்கு அருகே ஓரிரண்டு மீட்டர் மட்டும் இதைக் கட்டிக்கொண்டால் விட்டத்தை அவ்வளவாகக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1.42 என்பது 1.33 ஆகிவிடாது. கூர்ந்த கண்ணுள்ள சால்மன் அதையும் பார்த்துவிட்டு விலகிப் போகலாம். அன்று தூண்டில்காரர் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.