குதிரைப் பந்தயமும் குருட்டு அதிர்ஷ்டமும்

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டென்பதை நேயர்கள் அறிவார்கள். சமீபத்தில் நாம் அவ்வழியே சென்றபோது, ஒரு வளைவில் பாரமேற்றிய லாரி ஒன்று நின்றுவிட்டது. அதை முந்திவிட எண்ணி விரைந்த மோட்டார் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு, முன்னே போகவும் முடியாமல் பின்னே நகரவும் முடியாமல் தவித்தன. எல்லோருக்கும் பின்னால் மெல்ல வந்த காய்கறி வண்டிக்காரர் ஒருவர், தூரத்திலேயே நிலைமையைக் கண்டு, ஓரத்திலிருந்த சிறு இடைவெளியில் வண்டியைச் செலுத்தி, நம் கண்ணெதிரே மேலேறி மறைந்தார். “அதிர்ஷ்டசாலி” என்றார் உடனிருந்த நண்பர். “கெட்டிக்காரர்” என்றோம் நாம். சேர்வராயன் கோயில் சேருமட்டும் அந்த வாதம் ஓயவில்லை.

இவ்வாதம் நமக்கு ஒரு பிரசித்தமான பந்தயத்தை நினைவூட்டிற்று. 1967-ஆம் வருஷம் ஏப்ரல் 8-ஆம் தேதி, இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரையடுத்த எயின்ட்ரீ மைதானத்தில் நடந்த கிராண்டு நேஷனல் என்னும் தடைதாண்டும் குதிரைப் பந்தயமே அது. முற்காலத்தில் அயர்லாந்து தேசத்தார் ஒரு மாதா கோயிலின் கோபுரத்திலிருந்து மற்றொரு கோயிலின் கோபுரத்தைக் குறியாக வைத்து, வழியிலுள்ள வேலிகளையும் ஓடைகளையும் தாண்டிக் குதிரை விட்டார்கள். ஆகையால் இவ்வகைப் பந்தயத்திற்கு ஸ்டீபிள்சேஸ், அதாவது கோபுரத் துரத்தல் என்று பெயர் வந்தது. எயின்ட்ரீயில் அக்காலத்தில் குதிரைகள் ஏறக்குறைய நாலரை மைல் ஓடி 30 தடைகளைத் தாண்டவேண்டியிருந்தது.

அவ்வருஷம் 44 குதிரைகள் புறப்பட்டன. அவற்றுள் ஒன்று பாய்னவான். ஸ்காட்லாந்திலுள்ள ஒரு மலையின் பெயரை அதற்கு இட்டிருந்தார்கள். ஆனால் மலைபோன்ற நம்பிக்கை அதன்மீது எவருக்கும் இல்லை. ஒன்றுக்கு நூறு என்ற விகிதத்தில் பணம் தர பந்தயக்காரர்கள் தயாராயிருந்தனர். ஜான் பக்கிங்காம் என்ற சவாரிக்காரருக்கு அதன்மீது ஏறும் வாய்ப்பு கடைசி நேரத்தில்தான் கிட்டிற்று. குதிரையின் சொந்தக்காரர் பந்தயத்திற்கு வரவேயில்லை. அதைப் பழக்கிய ஜான் கெம்ப்டன், அன்று வேறொரு குதிரைக்காக ஊஸ்டர் மைதானத்திற்குப் போய்விட்டார்.

முதல் வேலியிலேயே சவாரிக்காரரை இழந்த பாப்பம் டவுன் என்ற குதிரை, கேட்பாரற்று மற்றவற்றுடன் ஓடிக்கொண்டிருந்தது. உயரத்தில் மிகச் சிறியவற்றுள் ஒன்றான 23-ஆவது வேலியை நெருங்கியதும் அது திடீரென்று குறுக்கே திரும்பிற்று. முன்னணிக் குதிரைகள் மோதின, சில விழுந்தன, சில தாண்ட மறுத்து நின்றன. பின்தங்கி வந்த பாய்னவானுக்கோ கண்கொண்டு பார்க்க அவகாசமிருந்தது. பக்கிங்காம் ஓரத்தில் ஓர் இடைவெளி கண்டு வேலியைத் தாண்டினார். மற்றவர்கள் மீண்டும் குதிரையேறித் துரத்தியும் பயனில்லை. பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட ஹனி எண்டை 15 குதிரை நீளத்தில் பின்தள்ளி அது வென்றது. 1984-இல் அந்த வேலிக்கே பாய்னவானின் பெயரைச் சூட்டினார்கள்.

இதில் திறமை இல்லையென்று யார் சொல்வார்? நிலைகுலையாத சவாரிக்காரரின் திறமையும், தயங்காத குதிரையின் திறமையும் இருக்கவே செய்தன. ஆனால் அன்று அதன்மீது பணம் கட்டியவனுக்கு என்ன திறமை இருந்தது? அந்தக் குதிரையை உலகில் எவரையும்விட நன்கறிந்தவரே அது வெல்லுமென்று எண்ணாமல் வேறு ஊருக்குச் சென்றிருக்க, பெயரைப் பார்த்துக் காசு வைத்தவன் தன் கூர்மதியால் வென்றானென்பது நகைப்புக்கிடமல்லவா? வண்டி ஓட்டியவருடைய கெட்டிக்காரத்தனத்தைச் சாலையோரம் நின்று பந்தயம் கட்டியவனுக்குப் பங்கிட முடியுமா?

இது அயல்நாட்டுக் கதையென்று நேயர்கள் தள்ளிவிடலாகாது. தமிழ்நாட்டுச் சர்க்கார் 1974-ஆம் வருஷத்துச் சட்டத்தால் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க முயன்றது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. குதிரைப் பந்தயம் திறமையைப் பொறுத்ததே, சூதாட்டமாகாது என்று 1996-இல் தீர்ப்பாயிற்று. குதிரையின் பூர்வ சரித்திரத்தை ஆராய்ந்து கணிப்பது அறிவின் வேலையென்பது அதன் சாரம். தீர்ப்பை நாம் மதிக்கிறோம். ஆயினும் கிண்டியில் வாரக்கூலியைத் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய தொழிலாளியின் மனைவிக்கு அந்தச் சாரம் உலைநீராகவில்லை.

திறமை என்ற அந்தச் சொல்லே பின்னர் கைபேசிச் சீட்டாட்டத்திற்கும் கேடயமாயிற்று. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகளே என்று 2023-இல் சென்னை ஹைகோர்ட்டு கூறியது. கடைசியில் 2025-இல் பார்லிமெண்டு, இணையவழிப் பண விளையாட்டுகளில் திறமையா அதிர்ஷ்டமா என்ற பாகுபாட்டையே ஒதுக்கிவிட்டு, அனைத்தையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றிற்று. நியாயமான கேள்வி அப்போதுதான் பிறந்தது: ஆடுகிறவனுக்குத் திறமை உண்டா என்பதல்ல, ஆட்டம் முடிந்தபின் குடும்பத்தில் என்ன மிஞ்சுகிறது என்பதே அக்கேள்வி. பந்தய மைதானத்தின் வாயிலிலும் அதைக் கேட்கவேண்டும்.

1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைப் புகுத்தினார். வெள்ளையர் காப்பித் தோட்டங்களையும் விட்டுச் சென்றனர், பந்தய மைதானங்களையும் விட்டுச் சென்றனர். தோட்டம் பாடுபட்டவனுக்குக் குறைந்த கூலியேனும் தந்தது; மைதானமோ அக்கூலியையும் கேட்டது.

பாய்னவானை நாம் புகழ்வோம். பொதுக் காரியத்தில் பின்தங்கிவிட்டோமென்று மனம் தளரும் தொண்டர்கள் அதை நினைத்துக் கொள்ளலாம். முன்னே ஓடியவர் குழம்பி நிற்கும் வேளையில், நிதானமாக வந்தவனுக்கு வழி திறப்பதுண்டு. ஆனால் அந்தப் பாடம் குதிரைமேல் இருந்தவனுடையது; வெளியே சீட்டு வாங்கி நின்றவனுடையது அன்று.