ஆடு கடிக்காத செடி

காட்டாமணக்கை ஆடு கடிக்காது. அதனால்தான் எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் கொல்லைக்கு அதை வேலியாக வைத்தார்கள். கிளையை ஒடித்து, வடியும் பாலை ஊதிக் குமிழி விடுவது பிள்ளைகளின் விளையாட்டு. அந்த வேலிச்செடி இருபது வருடங்களுக்கு முன் கொல்லை நடுவே வந்து உட்கார்ந்தது.

அதன் விதையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். அதை மெத்தனாலோடு சேர்த்துப் பக்குவப்படுத்தினால் டீசல் எஞ்சினில் ஓடும். கச்சா எண்ணெயைப் பெரும்பாலும் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது போதாதா? 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் கலக்கலாம் என்றது 2003இல் திட்டக் கமிஷன் குழு. தரிசு பசுமையாகும், கிராமத்தில் வேலை கிடைக்கும், அந்நியச் செலாவணியும் மிஞ்சும்: ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

வறட்சியில் செடி சாகாது என்றார்கள், சாகவில்லைதான். ஆனால் தண்ணீரும் எருவும் காணாத செடி காய்க்கவும் இல்லை. காய்த்த கொத்திலும் ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு. ஒரே பறிப்பில் முடியாது, திரும்பத் திரும்ப ஆள் விட வேண்டும். விதையைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிக் கன்று கொடுத்த கம்பெனி, அதை நட்ட என் பெரியப்பா மூட்டை கட்டி வைத்தபோது எட்டிப் பார்க்கவில்லை.

"மல்லாட்டை போட்டிருந்தா மாட்டுக்குக் கொடியாவது மிஞ்சியிருக்கும்" என்பார் பெரியம்மா. எந்த அறிக்கையையும் விட அது சரியான கணக்கு. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையில் பருப்பு காசாகும், கொடியும் பிண்ணாக்கும் மாட்டுக்குப் போகும், மாடு பால் தரும். காட்டாமணக்குப் பிண்ணாக்கோ விஷம், எருவுக்குத்தான் ஆகும். ஏட்டில் 'தரிசு' என்று எழுதியிருக்கும் நிலத்திலும் ஊர் ஆடுகள் மேயும், விறகு பொறுக்குவார்கள்; காட்டாமணக்கு வந்தால் அதுவும் போகும்.

மத்திய அரசின் 2009 உயிரி எரிபொருள் கொள்கை அந்த 20 சதவீதக் கெடுவை 2017க்குத் தள்ளியது. 2018 கொள்கையில் இலக்கே 2030க்குள் 5 சதவீதம் என்று சுருங்கிவிட்டது.

பெட்ரோலில் எத்தனால் கலப்பது மட்டும் 2025இல் 20 சதவீதத்தைத் தொட்டது. எத்தனால் தரும் கரும்புக்கு ஆலை ஏற்கெனவே இருந்தது. எத்தனாலுக்கு அரசு விலை அறிவித்தது, எண்ணெய் நிறுவனங்கள் வாங்கின. காட்டாமணக்குக்கு இவை சரியாக வாய்க்கவில்லை.

ஆனால் கரும்போடு நிற்காமல் மக்காச்சோளமும் எத்தனால் ஆலைக்குள் போனது. தீவன விலை ஏறி, கோழிப்பண்ணைக்காரர்கள் புலம்பினார்கள். ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் மக்காச்சோளம் இறக்கியது. பெட்ரோலில் மிச்சம் பிடித்த அந்நியச் செலாவணியில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியே போனது.