டிஜிட்டல் பியானோவைத் தேர்ந்தெடுத்தல்



இசைக்கருவி வாங்குவதைப் பற்றி ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் பேச வருவானேன் என்று நீங்கள் நினைக்கலாம். நான் இசைப் புலவன் அல்லேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கும் பௌதிகமும் கற்பித்தவன். ஆயினும் இப்பொருளில் ஒரு தவறு செய்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு. அத்தவறு என் பணத்தோடு போயிருந்தால் இன்று இதைப் பேசவேண்டிய தேவை இராது. அது ஒரு குழந்தையின் மூன்றாண்டு உழைப்பையும் வீணாக்கியது.

என் மகள் வயிற்றுப் பேத்தி பத்து வயதில் பியானோ கற்க விரும்பினாள். அவளை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே ஒரு கருவியின் பெட்டிமேல், ‘600 வகை ஒலிகள், 200 வகைத் தாளங்கள்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். குழல், வயலின், எக்காளம், நாய் குரைப்பு, மழை, இடி எல்லாம் அதனுள் அடக்கம். பக்கத்தில் இருந்த மற்றொன்றில் பத்தே ஒலிகள். விலையோ மூன்று மடங்கு. மதிப்பெண்களைக் கூட்டியே பழகிய என் கை பெரிய எண்ணின் பக்கமே நீண்டது. அதில் 61 கட்டைகள் இருந்தன. ஆர்மோனியத்தில் விரல் படும் பகுதியை நாம் கட்டை என்று சொல்கிறோம் அல்லவா? அச்சொல்லையே இங்கும் வழங்குகிறேன்.

மூன்றாண்டு கழித்து ஒரு விழா மேடையில் அவள் உண்மையான பியானோவின் முன் அமர்ந்தாள். மெல்லத் தொடங்கும் பாட்டு அது. அவள் மென்மையாக அழுத்திய இடத்தில் ஒலியே எழவில்லை. அஞ்சி வலிந்து அழுத்திய இடத்திலோ இடி முழங்கிற்று. பாதியில் எழுந்து வந்தவள், “தாத்தா, கட்டை என் விரலுக்கு அடங்கவில்லையே!” என்று விம்மினாள். குற்றம் அவளுடையது அன்று. அவள் மூன்றாண்டு பழகியது வேறொரு கருவி.

ஏன் அப்படி நேர்ந்தது என்று அறிய, பியானோ எப்படி ஒலிக்கிறது என்பதை முதலில் காணவேண்டும். 1700-ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலி நாட்டு பிளாரன்ஸ் நகரில், மெடிச்சி அரச குடும்பத்தின் ஆதரவில் இருந்த பார்த்தோலோமியோ கிறிஸ்தோபோரி என்பவர் இக்கருவியை உருவாக்கினார். அதற்கு முன் வழங்கிய ஹார்ப்சிகார்டு என்னும் கருவியில், கட்டையை அழுத்தினால் சிறு முள் ஒன்று தந்தியைச் சுண்டும். மெல்ல அழுத்தினாலும் வன்மையாய் அழுத்தினாலும் ஒலியில் பெரிய வேறுபாடு தோன்றாது. கிறிஸ்தோபோரி முள்ளை நீக்கி, அதனிடத்தில் சிறு சுத்தியலை வைத்தார். கட்டை எவ்வளவு விரைவாக இறங்குகிறதோ அவ்வளவு விரைவாகச் சுத்தியல் தந்தியில் மோதும். ஒலியும் அதற்கேற்ப மிகும் அல்லது குறையும். மெலிதாகவும் வலிதாகவும் ஒலிப்பது என்ற பொருளுடைய நீண்ட இத்தாலியப் பெயரே தேய்ந்து பியானோ ஆயிற்று. ஆகவே விரலின் வேறுபாட்டை ஒலியின் வேறுபாடாக்குவதே இக்கருவியின் உயிர்நிலை.

டிஜிட்டல் பியானோவில் தந்தி இல்லை. நல்ல பியானோ ஒன்றின் சுரங்களை ஒவ்வொன்றாக, மெல்ல அடித்தும் வலிய அடித்தும், முன்னரே பதிவுசெய்து எண்களாக்கி உள்ளே வைத்திருக்கிறார்கள். குறுந்தகட்டின் அளவைக் கொண்டால், ஒரு நொடி ஒலியை 44,100 முறை அளந்து எழுதிய எண்கள் அவை. கட்டையின் அடியில் இரண்டு அல்லது மூன்று உணர்விகள் உண்டு. முதல் உணர்வியைத் தொட்டதற்கும் அடுத்ததைத் தொட்டதற்கும் இடைப்பட்ட காலத்தைக் கருவி கணக்கிடுகிறது. காலம் குறைந்தால் வேகம் மிகுதி. வேகம் மிகுந்தால் உரத்த பதிவு ஒலிக்கும். தூரத்தைக் காலத்தால் வகுத்தால் வேகம் என்று நான் கரும்பலகையில் எழுதிப்போட்டது இங்கே இசையாகிறது! இவ்வேகத்தை 1 முதல் 127 வரை எண்ணிட்டுச் சொல்லும் முறை 1983-இல் வந்த மிடி என்னும் பொது ஏற்பாட்டில் அமைந்தது. வெவ்வேறு நிறுவனத்தார் செய்த கருவிகளும் கணினிகளும் தமக்குள் பேசிக்கொள்வது அந்த ஏற்பாட்டினாலேதான்.

கட்டையின் எடையை இப்போது பார்ப்போம். உண்மைப் பியானோவில் 88 கட்டைகள். 52 வெள்ளை, 36 கருப்பு. விரல் ஒரு சுத்தியலையும் சேர்த்துத் தூக்கவேண்டியிருப்பதால் கட்டையில் ஒரு கனம் தெரியும். தாழ்ந்த சுரங்களின் சுத்தியல் பெரிது. ஆகவே இடப்புறம் கனம் மிகுதி, வலப்புறம் போகப்போகக் குறையும். நல்ல டிஜிட்டல் பியானோவில், அடிக்கத் தந்தி இல்லாவிடினும், இந்தக் கனத்திற்காகவே சிறு சுத்தியல்களை அமைத்திருக்கிறார்கள். நான் முதலில் வாங்கியதில் வெறும் வில் இருந்தது. தொட்டால் இறங்கும்; விட்டால் எழும். அதில் பழகிய விரல் உண்மைக் கட்டையின் கனத்தைத் தாங்கவும் அறியாது, அடக்கவும் அறியாது.

அந்த முதற் கருவியை நான் இழிவாகச் சொல்லவில்லை. லண்டன் டிரினிட்டி கல்லூரியார் நடத்தும் இசைத்தேர்வுகளில் பியானோ ஒரு பாடம். எலெக்ட்ரானிக் கீபோர்டு வேறொரு பாடம். தாளத்தையும் பல ஒலிகளையும் சேர்த்து வாசிப்பது பின்னதன் கலை. எதைக் கற்கிறோம் என்று கேளாமல் வாங்கியதுதான் என் பிழை.

கடையில் எதைச் சோதிப்பது? விற்பவர் வேகமான பாட்டொன்றை வாசித்துக் காட்டுவார். அதில் எல்லாக் கருவியும் நன்றாகவே இருக்கும்! நீங்கள் ஒரே ஒரு கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டும் கேளாததுமாய் அழுத்துங்கள். பிறகு சிறிது சிறிதாக வன்மையைக் கூட்டுங்கள். ஒலி உரப்பதோடு அதன் நிறமும் மாறவேண்டும். மெல்லியது மங்கலாகவும் வலியது பளிச்சென்றும் கேட்கவேண்டும். படிக்கட்டு ஏறுவதுபோல் ஓரிடத்தில் திடீரென்று தாவினால், பதிவுகள் குறைவு என்று அறியலாம். அடுத்துத் தாழ்ந்த சுரம் ஒன்றை அழுத்தி, விரலை எடுக்காமல் காத்திருங்கள். உண்மைத் தந்தியின் நாதம் பல நொடிகள் உருமாறிக்கொண்டே தேயும். மலிவான கருவியில் சிறிது நேரத்திலேயே ஒரு துண்டுப் பதிவு திரும்பத் திரும்பச் சுழல்வதைச் செவி கண்டுகொள்ளும்.

காலால் இயக்கும் மிதியையும் மறவாதீர்கள். வலப்புற மிதியை அழுத்தினால் தந்திகளை அடக்கும் கம்பளித் துண்டுகள் எழும்பி, சுரங்கள் தொடர்ந்து ஒலிக்கும். பாதி அழுத்தினால் பாதி அடங்கும். இந்தப் பாதி நிலையை அறியும் மிதியும் உண்டு. விளக்கின் பொத்தான்போல் உண்டு, இல்லை என்று மட்டும் அறிவதும் உண்டு. சில கருவிகளோடு தரும் சிறு பிளாஸ்டிக் மிதியோ, வாசிப்பவர் காலுக்குத் தப்பித் தரையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

விளம்பரத்தில் ‘பாலிபோனி’ என்று ஓர் எண் காண்பீர்கள்: 64, 128, 256 என்று. ஒரே வேளையில் எத்தனை ஒலிகளைக் கருவி தாங்கும் என்பது அது. பத்து விரலுக்கு 64 எதற்கு என்று நானும் நகைத்தேன். மிதியை அழுத்தியிருக்கும்போது விரல் எடுத்த சுரங்களும் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. இரு செவிக்கும் தனித்தனியே பதிவு இருந்தால் ஒரு சுரமே இரண்டாகக் கணக்கில் ஏறும். எண்ணிக்கை நிரம்பியதும் பழைய சுரம் அறுபடும். தொடக்கநிலை மாணவருக்கு 64 போதும். 128 இருந்தால் பின்னாளில் கவலையில்லை. அதற்கு மேற்பட்ட எண்ணுக்காகப் பணம் கொடுப்பதைவிட நல்ல கட்டைக்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

சுருதியை ஏற்றி இறக்கும் வசதி பாடுவோருக்கு உதவும். ஒரு கட்டையில் பாடுபவருக்கும் ஐந்து கட்டையில் பாடுபவருக்கும் அதே விரலமைப்பில் துணை வாசிக்கலாம். ஆனால் கர்நாடக இசைக்காகப் பியானோ வாங்க எண்ணுவோர் சற்று நிற்கவேண்டும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகத்திற்குக் கட்டைகளின் இடையே வழியில்லை. ஆர்மோனியத்தின் மேலும் இதே குறை சொல்லப்பட்டது. அகில இந்திய வானொலியில் 1940 முதல் 1971 வரை அதற்குத் தடையே இருந்தது என்பது உங்களில் பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

டிஜிட்டல் பியானோவுக்கு ஆண்டுதோறும் சுருதி சேர்க்க வேண்டியதில்லை. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் தந்திகளோடு போராடியவர்கள் இதன் அருமையை அறிவார்கள். ஹெட்போன் அணிந்து நள்ளிரவிலும் பழகலாம். ஆயினும் மின்சாரம் நின்றால் பெரும்பாலானவை ஊமையாகிவிடும். பழுதானால் அருகில் யார் சரிசெய்வார் என்பதை வாங்குமுன்பே கேட்டுவையுங்கள். பிறர் பயன்படுத்தியதை வாங்குவதானால் 88 கட்டைகளையும் ஒரே மென்மையோடு வரிசையாக அழுத்திப் பாருங்கள். உணர்வி தேய்ந்த கட்டை ஒன்று மட்டும் உரத்துக் கத்தும் அல்லது வாய் திறவாது.

இரண்டாம் முறை கடைக்குப் போனபோது என் ஓய்வூதியச் சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்துச் சென்றேன். இம்முறை நான் வாய் திறக்கவில்லை. பேத்தி கண்ணை மூடிக்கொண்டு நான்கு கருவிகளிலும் அந்த மேடைப் பாட்டின் முதல் நான்கு சுரங்களை மட்டும் வாசித்தாள்; மூன்றாவதற்கே இரண்டுமுறை திரும்பி வந்தாள். அதில் எத்தனை ஒலிகள் உள்ளன என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வீட்டிற்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது எண்ணிப் பார்த்தேன், பத்து இருந்தன. அவற்றுள் முதலாவதைத் தவிர வேறெதையும் அவள் இன்றுவரை தொடவில்லை.