கடைசி பெஞ்சுக்குக் கேட்கிறதா?

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில், வடகோடியில் பி.எஸ். 98 என்றொரு தொடக்கப் பள்ளி. கட்டடத்திலிருந்து சுமார் 67 மீட்டர் தள்ளி, தூண்களின் மேல் ரயில் பாதை. 1970களில் பள்ளி நேரத்தில் நாலரை நிமிடத்துக்கு ஒரு ரயில் அதில் தடதடத்துக்கொண்டு போகும். கடந்து முடிய அரை நிமிடம். அந்த நேரத்தில் பாதையை ஒட்டிய வகுப்பறைகளில் இரைச்சல் 89 டெசிபல்வரை ஏறிவிடும். ஆசிரியர் கத்த வேண்டும், இல்லையென்றால் பாடத்தை நிறுத்திவிட்டு நிற்க வேண்டும்.

ஆர்லின் பிரான்சாஃப்ட் நியூயார்க்கின் லெஹ்மன் கல்லூரியில் உளவியல் கற்பித்தவர். அவரிடம் படித்த ஒரு பெண்ணின் குழந்தை இந்தப் பள்ளியில் படித்ததால் விஷயம் அவர் காதுக்கு வந்தது. ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ஒரே கட்டடத்தில் ஒரு வரிசை அறைகள் ரயிலைப் பார்த்தவை, இன்னொரு வரிசை எதிர்ப்புறம். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்பது திறமையைப் பார்த்து முடிவானதல்ல. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்புத் தேர்வு மதிப்பெண்களையும் அவர் ஒப்பிட்டார். 1975இல் வெளியான முடிவு பெற்றோரைத் திடுக்கிட வைத்தது. ரயில் பக்கம் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள்.

அவர் அத்தோடு விடவில்லை என்பதால்தான் இந்தக் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதிகாரிகளை விடாமல் அணுகினார். ரயில் நிர்வாகம் தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் அட்டைகளைப் பொருத்தியது. கல்வி வாரியம் அந்தப் பக்கத்து வகுப்பறைகளின் உட்கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகளை வைத்தது. 1981இல் வெளியான மறு ஆய்வில் இரு பக்கப் பிள்ளைகளுக்கும் வாசிப்பில் வேறுபாடு இல்லை.

“பிள்ளைகள் சத்தத்துக்குப் பழகிவிடுவார்கள்” என்று சொல்பவர்கள் உண்டு. பழகுவது உண்மைதான், அதில்தான் ஆபத்தே இருக்கிறது. அதே மன்ஹாட்டனில் நெடுஞ்சாலைக்கு மேலேயே கட்டப்பட்ட 32 மாடிக் குடியிருப்புகளில் நடந்த ஓர் ஆய்வு 1973இல் வெளியானது. நீண்ட காலம் அங்கே வாழ்ந்த பிள்ளைகளில், சாலைக்கு நெருக்கமான கீழ்த்தளத்தவர்கள் ஒன்றுபோல ஒலிக்கும் சொற்களைப் பிரித்தறிவதிலும் வாசிப்பிலும் மேல்தளத்துப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருந்தார்கள். இரைச்சலை ஒதுக்கப் பழகும் மூளை, அதனுடன் பேச்சையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறது என்று ஆய்வாளர்கள் விளக்கினர். ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1992இல் பழைய விமான நிலையம் மூடப்பட்டு, வேறிடத்தில் புதியது திறக்கப்பட்டது. புதிய நிலையத்தின் அருகே வாழ்ந்த பிள்ளைகளுக்கு வாசிப்பும் நினைவாற்றலும் குன்றின. பழைய நிலையத்தின் அருகே இருந்தவர்களுக்கு அவை மேம்பட்டன.

நமக்குப் பாதி கேட்டாலும் போதும், மீதியை அனுபவத்தால் நிரப்பிக்கொள்வோம். எட்டு வயதுப் பிள்ளையால் அது முடியாது. ‘ஒளிச்சேர்க்கை’ என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்பவருக்கு, நடுவில் ஓர் எழுத்து விழுங்கப்பட்டால் ஊகிக்க எதுவும் இல்லை. அதிலும் பேச்சின் வலு உயிரொலியில் இருக்கிறது; மெய்யொலிகள் மெலிந்தவை. பட்டம், கட்டம், சட்டம், வட்டம் ஆகிய நான்கையும் பிரித்துக் காட்டுவது முதலில் வரும் அந்தச் சின்ன மெய்யொலிதான். இரைச்சலில் முதலில் மறைவதும் அதுதான்.

வெளிச் சத்தம் மட்டும் காரணமல்ல, தூரமும் எதிரொலியும் சேரும். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் குரல் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது. ஆனால் திரும்பி வருவது தெளிந்த பேச்சு அல்ல, அதன் எச்சம். முந்தைய எழுத்தின் முழக்கம் அடங்குமுன் அடுத்த எழுத்து வந்து அதில் மூழ்கிப்போகிறது. வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்குள்ளும், எதிரொலி அடங்கும் நேரம் சுமார் 0.6 வினாடியாகவும் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

நம் வகுப்பறைகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். 2004 கும்பகோணம் தீ விபத்துக்குப் பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த பின் வேறு முடிவுக்கு இடமே இல்லை. ஆனால் கீற்று ஒலியை உறிஞ்சும், கான்கிரீட் உறிஞ்சாது. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, சிமென்ட் பூசிய வெறும் சுவர் என்று ஒலியைத் திருப்பி அடிக்கும் பரப்புகளாலேயே அறையைக் கட்டுகிறோம். மேலே கிறீச்சிடும் மின்விசிறி. நீண்ட கூடத்தைத் தட்டி வைத்துப் பிரித்த பள்ளிகளில் ஒரு பக்கம் வாய்ப்பாடு, மறுபக்கம் செய்யுள். இந்தியச் சட்டப்படி பள்ளியைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். அங்கே பகலில் 50 டெசிபலைத் தாண்டக்கூடாது. அது வெளிச் சத்தத்துக்கான விதி. அறைக்குள் பிறக்கும் சத்தத்தை அது குறைக்காது.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் ஆசிரியரும் பிள்ளைகளோடு பாயில் வட்டமாக உட்கார்ந்தார். ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் இடையே இருந்த தூரம் ஓரிரு மீட்டராகச் சுருங்கியது பெரிய லாபம். அதே சமயம், நான்கைந்து குழுக்கள் ஒன்றாகப் பேசும்போது அறை முழுதும் இரையும். வகுப்பறையின் இருக்கை அமைப்பை மாற்றுவது பற்றி விவாதிக்கும்போது ஒலியையும் சேர்த்தே பேச வேண்டும்.

கண்ணுக்கும் இரைச்சல் உண்டு. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 24 மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படங்கள் அடைத்த அறையிலும் வெறுமையான அறையிலும் அறிவியல் பாடம் நடத்தினார்கள். 2014இல் வெளியான முடிவுப்படி, படம் நிறைந்த அறையில் சரியான விடைகள் 42 சதவீதம், வெறும் அறையில் 55 சதவீதம். சின்ன ஆய்வுதான். ஆனாலும் கரும்பலகை இருக்கும் சுவரையாவது காலியாக விடலாம்.

இவற்றைச் சரிசெய்யச் செலவு அதிகமில்லை. பின்சுவரில் மெத்தென்ற அறிவிப்புப் பலகை வைத்தால் எதிரொலி குறையும், பிள்ளைகளின் ஓவியங்களுக்கும் இடமாகும். விசிறியின் பேரிங்கை மாற்றலாம். பெஞ்சுக் கால்களுக்கு ரப்பர் மூடி போடலாம். சாலையை ஒட்டிய அறையில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளை வைக்காமல் இருக்கலாம். எழுத்தறியும் வயதுக்குத்தான் காது அதிகம் தேவை. புதுக் கட்டடம் என்றால் வகுப்பறைகளைச் சாலைக்கு எதிர்ப்புறமாகத் திட்டமிட எந்தக் கூடுதல் நிதியும் வேண்டாம்.

சோதித்துப் பார்க்கக் கருவி தேவையில்லை. விசிறி ஓடட்டும், பக்கத்து வகுப்பு நடக்கட்டும். ஆசிரியர் உதட்டை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு வழக்கமான குரலில் பட்டம், கட்டம், சட்டம், வட்டம் போன்ற இருபது சொற்களைச் சொல்லட்டும். கடைசி பெஞ்சில் இருப்பவர்கள் எழுதட்டும். பெற்றோரே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது ஸ்மார்ட் போர்டு கேட்பதற்கு முன்னால் இந்தச் சோதனையை நடத்தச் சொல்லிக் கேளுங்கள்.