ஈர்க்குக் கட்டை அவிழ்க்கும் வகுப்பு

"இண்டைக்கு ரீச்சர் என்ன படிப்பிச்சவ?" பள்ளிக்கூட வாசலில் தாய் கேட்கிறார். "விளையாடினனாங்கள்" என்கிறது முதலாம் தரப் பிள்ளை. தாயின் முகம் வாடிவிடுகிறது.

வன்னியில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் இது புதிய காட்சி அல்ல. அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து படித்த சிறுமிகள் சிலர் இன்று தாய்மார். தாங்கள் இழந்த படிப்பைப் பிள்ளையின் கொப்பியில் எழுத்தெழுத்தாகப் பார்த்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. ஆனால் பிள்ளை சொன்ன அந்த ஒரு சொல்லில்தான் அன்றைய பாடம் முழுதும் இருக்கிறது.

1999இல் இலங்கை முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், ஐந்து தரங்களையும் மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. தரம் 1, 2 முதல் நிலை. 3, 4 இரண்டாம் நிலை. 5 மூன்றாம் நிலை. கற்பிக்கும் வழிகளும் மூன்று: வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை. முதல் நிலையில் விளையாட்டும் செயற்பாடும்தான் கூடுதல். இரண்டாம் நிலையில் மூன்றும் ஏறக்குறையச் சமம். ஐந்தாம் தரத்தில் எழுத்து வேலை முன்னுக்கு வருகிறது. முதலாம் தரத்துக்கு வரவேற்கும் கால்கோள் விழாவில் மாலை போட்டு அழைத்துவரப்பட்ட பிள்ளைக்கு மறுநாளே அரிச்சுவடி கிடையாது. கூச்சமில்லாமல் பேசுகிறதா, நிறங்களைப் பிரித்தறிகிறதா, பென்சில் பிடிக்கக் கை பழகியிருக்கிறதா என்று ஆசிரியர் முதலில் பிள்ளையை இனங்காண வேண்டும்.

விளையாட்டு எப்படிப் பாடமாகிறது என்பதற்கு ஈர்க்கை எடுத்துக்கொள்வோம். முதலாம் தரத்தில் ஈர்க்கும் புளியங்கொட்டையும் வெறும் எண்ணுபொருள். இரண்டாம் தரத்தில் பத்து ஈர்க்கைச் சேர்த்து றப்பர் வளையம் போட்டால் அது ஒரு கட்டு. மூன்றாம் தரத்தில் 23இலிருந்து 7ஐக் கழிக்க வேண்டும். பிள்ளையின் முன்னால் இரண்டு கட்டும் மூன்று தனி ஈர்க்கும் கிடக்கின்றன. மூன்றைக் கொடுத்துவிட்டு, மிச்சம் நாலுக்கு எங்கே போவது என்று முழிக்கிறது. பிறகு தானாகவே ஒரு கட்டின் வளையத்தைக் கழற்றுகிறது. "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று நாம் மனப்பாடம் செய்த கணக்கின் பொருள் அந்த விரல்களுக்குப் புரிகிற கணம் அது. கரும்பலகையில் பத்துத் தடவை எழுதிக் காட்டினாலும் அது கிடைக்காது.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடமும் இப்படித்தான் தரந்தோறும் விரிகிறது. சின்னத் தரத்தில் முற்றத்து இலைகளைப் பொறுக்கி வகைப்படுத்தும் பிள்ளை, பெரிய தரத்துக்கு வரும்போது இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியே வயலுக்கு எப்படி வருகிறது என்று கேட்கும். காலபோகம், சிறுபோகம், பாலைப்பழக் காலம் என்று வன்னியில் பருவங்களைக் கற்பிக்கப் படம் தேவையில்லை. ஒன்றை மட்டும் மறக்க முடியாது. மீள்குடியேறிய ஊர்களில், காட்டோரம் போய் இலை பொறுக்கு என்று சொல்வதற்கு முன்னால், மண்டையோட்டுப் பலகை தெரிந்தால் அப்படியே நில் என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. கண்ணிவெடி அபாயக் கல்வியும் இங்கே சுற்றாடல் பாடமாகவே இருந்தது.

பிள்ளைகள் குறைந்த கிராமப் பள்ளிகளில் ஓர் ஆசிரியரே இரண்டு மூன்று தரங்களை ஒரே மண்டபத்தில் வைத்திருப்பார். இதைப் பல்தரக் கற்பித்தல் என்பார்கள். ஆசிரியருக்கு இது பெரும் சுமை, அதை மறுக்க முடியாது. ஆனாலும் ஒரே ஈர்க்குக் குவியலில் ஒன்றாம் தரம் எண்ண, இரண்டாம் தரம் கட்ட, மூன்றாம் தரம் அவிழ்க்கும்போது, சின்னது பெரியதைப் பார்த்துக் கற்றுவிடுகிறது.

விளையாட்டிலிருந்து எழுத்து வேலைக்குப் படிப்படியாகப் போகும் இந்த ஒழுங்கைக் குலைப்பது ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. இரண்டு வினாத்தாள், 200 புள்ளி. நல்ல பாடசாலைக்கும் உதவித்தொகைக்கும் அது வாசல் என்பதால், வறிய வீட்டுக்கு அதன் மேல் ஆசை இருப்பது நியாயம். ஆனால் அதற்காக மூன்றாம் தரத்திலேயே ரியூசனும் கடந்தகால வினாத்தாளும் தொடங்கினால், விளையாட்டும் செயற்பாடும் இருக்க வேண்டிய ஆண்டுகளையும் எழுத்து வேலையே விழுங்கிவிடுகிறது. வளையத்தைக் கழற்றிப் பார்க்காத பிள்ளை, விடையை மட்டும் பாடமாக்குகிறது. கேள்வி சற்று மாறினால் தடுமாறுகிறது.

வாசலில் நிற்கும் தாய்மாருக்கு ஒன்று சொல்வேன். "என்ன படிப்பிச்சவ?" என்பதை விட்டு, "எதை வைச்சு விளையாடினனீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டு விளக்குமாற்றிலிருந்து இருபத்துமூன்று ஈர்க்கை உருவிக் கொடுங்கள். பிள்ளை நிலத்தில் இருந்து செய்து காட்டும்.